ஸ்டியரிங் மேல் ஒரு புகார்

அந்த வீட்டில் மனிதர்கள் தப்பு செய்வதில்லை. பொருட்கள்தான் செய்யும். கண்ணாடி டம்ளர் கீழே விழுந்தால் டம்ளருக்கு வழவழப்பு அதிகம். பேனா கிறுக்கினால் பேனா சரியில்லை. செருப்பு தடுக்கினால் செருப்பு சரியில்லை. செருப்பு புதிது என்றால் தரை சரியில்லை. ஆளைப் பார்த்து “நீ தப்பு செய்தாய்” என்று சொல்லும் கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. சொன்னால் வீட்டுத் தலைவர் வாரக்கணக்கில் வாய் திறக்க மாட்டார். அந்த மௌனத்தில் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, விருந்தாளி வந்தால் காரணம் சொல்லி மாளாது. டம்ளரைத் திட்டுவது சுலபம். டம்ளர் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது.

வீட்டுத் தலைவர், குழாய்த் தொழிற்சாலையில் தர அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக நகர்ந்து வரும். அதிகாரி ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் திருகிப் பார்த்து, ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்பார். வேலைக்காலம் முழுவதும் இந்த இரண்டு சொல்லை வைத்தே ஒரு வீடு கட்டி, ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து, ஒரு காரும் வாங்கியவர். அளவுக் கருவி ‘சரி’ என்று காட்டிய குழாயை அவர் விரல் ‘ஆடுது’ என்று சொல்லிவிட்டால், கருவியைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்களாம். இதற்கு நிறையச் சாட்சி உண்டு. எல்லாருக்கும் சொன்னவர் அவரே.

தொழிலாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ரிஜெக்ட்’. முதுகுக்குப் பின்னால்தான். பிரிவு உபசாரக் கூட்டத்தில் ஒருவர் வாய்தவறி மைக்கிலேயே “நம்ம ரிஜெக்ட் அவர்களை” என்று தொடங்கிவிட்டார். மைக் சரியில்லை என்று சொல்லி அதையும் சமாளித்தார்கள்.

அப்பேர்ப்பட்ட விரல்தான் நடுங்க ஆரம்பித்தது. வலது கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயை யாரோ கொடுத்துத் திருகிப் பார்க்கச் சொன்ன மாதிரி. பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம். எதையாவது இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். பிறகு மணிக்கட்டு. பிறகு, இடது கைக்கும் சொல்லி அனுப்பியது போல, அங்கேயும்.

வீடு தன் வழக்கப்படி நடந்துகொண்டது. “இந்தக் கப்போட காது சின்னது” என்று சொல்லி மனைவி பெரிய காது வைத்த கப் வாங்கினாள். அது ஒழுங்காக நடந்துகொள்ளாததால் காதே இல்லாத கிண்ணம் வந்தது. சவர பிளேடு மாறியது. சட்டைப் பொத்தான்கள் வழுக்குகின்றன என்று தெரிந்து, தலை வழியாகப் போடும் பனியன் சட்டைகள் வந்தன. செய்தித்தாள் சலசலத்தபோது, “இப்பல்லாம் ரொம்ப மெல்லிசாப் போடறானுங்க, காத்தே இல்லாம ஆடுது” என்றாள். அதிகாரி ஆமோதித்தார். காகிதத்தின் தரம் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை பேப்பர் ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் காருக்கு வந்தது. சந்தைக்குப் போன இடத்தில் அதிகாரியின் கார் நடைபாதையில் ஏறி, அடுக்கி வைத்திருந்த காய்கறிக் கூடைகளைத் தள்ளிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்ட முயன்றார். ஆணி இடம் கொடுக்கவில்லை. சாவியை மேசையில் போட்டுவிட்டு, அன்றைய அறிக்கையை வாசித்தார்:

“ஸ்டியரிங் நடுங்குது.”

அவர் மகள், அதே தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழியிடம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். சமையலறைக்குள் அம்மாவை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“இது நரம்பு சம்பந்தப்பட்டதும்மா. சீக்கிரமா போனா மாத்திரை கொடுத்து ரொம்ப நாள் சமாளிக்கலாமாம். இப்படியே விட்டா நடை போயிடும், பேச்சு குழறிடும். இதுல வண்டி வேற ஓட்டிட்டு... நீ சொல்லும்மா.”

“நான் எப்படிடி சொல்ல?”

“வாயாலதான்.”

“நீ சொல்லேன். உனக்கும் வாய் இருக்கில்ல?”

மகளுக்கும் அதே வீட்டில் வளர்ந்த வாய்தான். குழந்தையைத் தாத்தாவின் காரில் அனுப்பக் கூடாது என்று முடிவெடுத்தவள், “காருக்குள்ள வர்ற வாசனை அவளுக்கு ஒத்துக்கலை” என்று வாசனை மேல் பழி போட்டுத்தான் நிறுத்தியிருந்தாள். அதன் பிறகு அதிகாரி வாசனைத் திரவிய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, இப்போது வருவாளா, இப்போது வருவாளா என்று வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். “எப்படியாவது ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடணும்டி. ஒரே ஒரு தடவை. மத்ததை அந்த டாக்டர் பாத்துக்கட்டும்.”

ஆகவே ஒரு வழி பிறந்தது. வழியைக் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. அவர் நகலெடுக்கும் இயந்திரங்களை ரிப்பேர் செய்பவர். காகிதத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு “உங்க மெஷின் சரியில்ல” என்று கத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் என்பதால், அந்தக் குடும்பத்திலேயே இயந்திரம் எப்போது நிரபராதி என்று தெரிந்த ஒரே ஆள். அவருக்குத் தொழிலில் ஒரு முறை உண்டு. வாடிக்கையாளர் சந்தேகப்படும் பாகத்தை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுவார். மாற்றியும் அதே கோளாறு வந்தால் வாடிக்கையாளரே யோசிப்பார்.

சாப்பாட்டு மேசையில் அதை மெதுவாக எடுத்து வைத்தார்.

“மாமா, ஸ்டியரிங்கையே மாத்திடலாம். கம்பெனி ஸ்டியரிங் ரொம்ப ஒல்லி. வெளியில நல்ல தடிமனா, தோல் போட்டு விக்கிறாங்க.”

அதிகாரி நிமிர்ந்தார். தன் புகார் இவ்வளவு சீக்கிரம் பதிவாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “அதான் நானும் நினைச்சேன். ஆரம்பத்துல இருந்தே அது ரிஜெக்ட் பீஸ்.”

“மாத்தின பிறகும் நடுங்கினா?” என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, தட்டில் இல்லாத எதையோ பொறுக்கினாள்.

“எப்படி நடுங்கும்?”

“ஒரு பேச்சுக்கு.”

“மாத்தியும் நடுங்கினா...” அதிகாரி தன் கையைப் பார்க்கவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தார். “நடுங்கினா நீங்க ரெண்டு பேரும் சமையலறையில குசுகுசுன்னு பேசிக்கிற அந்த டாக்டர்கிட்ட வரேன். ஆனா சோதனை முறையா நடக்கணும். மாப்பிள்ளை பக்கத்துல உக்காரட்டும். அவர் கொடுக்கிற ரிப்போர்ட்தான் முடிவு. தொழிற்சாலையில எங்க விதி அது. சோதிச்சவன் எழுதினதை அதிகாரியே மாத்த முடியாது.”

மகள் அன்றே டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்தாள். ஸ்டியரிங் எப்படியாவது நடுங்க வேண்டும் என்று ஒரு குடும்பமே வேண்டிக்கொண்ட வாரம் அது.

கார் அலங்காரக் கடையை நடத்துபவனை ஊரே ‘ஜிகினா’ என்றுதான் கூப்பிடும். கடைப் பலகையில் ‘வாகன அழகியல் மையம்’ என்று போட்டிருந்தான். கண்ணாடி அலமாரியில் ஸ்டியரிங்குகள் ஒவ்வொன்றும் ஒரு விளக்கின் கீழ் கிரீடம் போல் வீற்றிருந்தன. அவற்றைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பான். அந்தக் கையுறை ஸ்டியரிங்கின் மரியாதைக்காகவா, நகத்து அழுக்கை மறைக்கவா என்று கேட்டவர்கள் யாரும் அங்கே சாமான் வாங்கியதில்லை.

“சார், இது சாதாரணப் பொருள் இல்ல. பந்தயத்துல ஓட்டுறவங்க பிடிக்கிறது. பிடிச்சாலே ஒரு நிதானம் வரும்.”

அதிகாரி ஒவ்வொன்றாக வாங்கி விரலை ஓட்டினார். விரல் தன் பாட்டுக்கு ஓடியது.

“இதுல தையல் ஒரு இடத்துல தப்பியிருக்கு. ரிஜெக்ட்.”

“சார், அது டிசைன்.”

“இதுல வட்டம் வட்டமா இல்ல. கீழ தட்டையா இருக்கு.”

“அதுவும் டிசைன் சார். தொடை இடிக்காம இருக்க.”

“தப்பு பண்ணிட்டு டிசைன்னு சொல்றது எங்க காலத்துல இல்ல தம்பி. நீ எங்க தொழிற்சாலைக்கு வந்திருந்தா பெரிய ஆளாயிருப்ப.”

ஜிகினா இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு வியாபாரம் எதற்கு? கடைசியில் கறுப்புத் தோலில் சிவப்புத் தையல் போட்ட, கைக்குத் திண்டு போல நிறைவாக இருந்த ஒன்று ‘பாஸ்’ ஆனது.

காரைக் கடைக்கு முன்னால் நிழலில் நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வைத்து, ஜிகினா வேலையைத் தொடங்கினான். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஸ்டியரிங்குக்குள் காற்றுப்பை இருக்கிறது, மின்சாரம் முழுக்க வடியாமல் கை வைத்தால் முகத்தில் வெடிக்கும் என்றான். பிறகு பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, நடுவில் இருந்த அந்தப் பையை அதன் மூடியோடு பிடுங்கி வெளியே எடுத்தான்.

“புது ஸ்டியரிங்ல இது இருக்காதா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“இருக்காது. பந்தயத்துல ஓட்டுறவன் பையைக் கட்டிக்கிட்டா ஓட்டுறான்?”

“பந்தயத்துல ஓட்டுறவன் சந்தைக்குப் போறதில்லையே.”

“மோதினாத்தானே மாப்பிள்ளை பை வேணும்?” என்றார் அதிகாரி. “மோதப்போறதில்லை. அப்புறம் எதுக்கு அநாவசியமா ஒரு பாகம்?”

ஜிகினா அந்தப் பையை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு அதிகாரியின் மனைவியிடம் கொடுத்தான். “சூடு படாம வச்சுக்கங்கம்மா. கவுத்து வைக்காதீங்க.” அவள் அதைக் கைக்குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நடுவில் இருந்த பெரிய நட்டைத் தளர்த்தினான். முழுக்கக் கழற்றாமல் ஓரிரு சுற்று விட்டுவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இழுத்தான். முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு வந்து பல்லைப் பேர்த்துவிடும் என்றான். இழுத்தவன் பல்வரிசையைப் பார்த்தால் அது அனுபவ வார்த்தை என்று தெரிந்தது. டக்கென்று விட்டது. நட்டை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை உருவினான். உள்ளே பற்கள் வெட்டிய தண்டு ஒன்று தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான். பழைய ஸ்டியரிங்கின் உச்சி எந்தப் பல்லுக்கு நேராக இருந்ததோ, அந்தப் பல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும். புதியது அந்தப் புள்ளிக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணிக்கொண்டு நிற்கும். ஜிகினா வெள்ளை மைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினான்.

“கொடு இங்க. அதை நான் பாக்கணும்,” என்றார் அதிகாரி.

காரின் திறந்த கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஜிகினா பழைய ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்தான். அவர் அதை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் போட்டுக்கொண்டு, குற்றவாளியைப் பார்க்கும் நீதிபதி போலக் குனிந்து பார்த்தார்.

ஸ்டியரிங் நடுங்கியது.

காரிலிருந்து கழற்றி, ஒயர் பிரித்து, நட்டு போல்ட்டு எதுவும் இல்லாமல், எந்த இயந்திரத்தோடும் எந்தச் சக்கரத்தோடும் சம்பந்தமற்று ஒரு மனிதனின் மடியில் கிடந்த ஸ்டியரிங், சாலையில் நடுங்கிய அதே நடுக்கத்தை நடுங்கியது. அவருடைய கல்யாண மோதிரம் அதன் விளிம்பில் டிக்டிக்கென்று தட்டும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார். ஜிகினா நல்ல மனிதன். வாடிக்கையாளரின் மானம் போகிற இடத்தில் கண்ணை வைக்கக் கூடாது என்று தெரிந்தவன். முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே போன ஒரு லாரியை மிகுந்த அக்கறையோடு பார்த்தான். பார்த்துக்கொண்டே கையை நீட்டித் தண்டில் புள்ளியை வைத்தான்.

அதிகாரியின் மனைவிதான் முதலில் பேசினாள்.

“பாத்தீங்களா அதோட திமிரை? கழட்டிப் போட்ட பிறகும் புத்தி போகலை.”

“ஆமாம்மா,” என்றான் ஜிகினா, லாரி போய் நெடுநேரம் ஆன சாலையைப் பார்த்தபடி. “சில ஸ்டியரிங் அப்படித்தான். பல வருஷமா ஓடின அதிர்வு உள்ளயே தங்கிடும். மெதுவாத்தான் வடியும்.”

அதிகாரி மோதிர விரலை விளிம்பிலிருந்து எடுத்தார். ஸ்டியரிங்கைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். வேலை முடியும்வரை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை முன்னால், மனைவி பின்னால், அவள் மடியில் காற்றுப்பை. எல்லா ஏற்பாட்டிலும் குறையில்லை. ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்க வேண்டியது பின்சீட்டில் இருந்தது, அவ்வளவுதான். முகப்பில் காற்றுப்பைக்கான சிவப்பு விளக்கு ஒன்று, உட்கார்ந்திருக்கும் ஆளின் படத்தோடு, அணையாமல் எரிந்தது. அதைப் பழகிக்கொள்ளலாம் என்று ஜிகினா சொல்லியிருந்தான்.

தடித்த ஸ்டியரிங்கை அதிகாரி இறுக்கிப் பிடித்தார். விரல் கணு வெளுக்கப் பிடித்தார். முதல் தெரு முழுக்க அது நடுங்கவில்லை. மாப்பிள்ளை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் வாங்கிய நேரம் வீணாகிவிடுமோ?

“எப்படி?” என்றார் அதிகாரி, உதட்டோரத்தில் ஒரு பழைய அதிகாரத்தோடு.

சிக்னலில் நின்றார்கள். பிடி கொஞ்சம் தளர்ந்தது. உடனே ஸ்டியரிங் மெதுவாக, பின்னர் தாராளமாக ஆட ஆரம்பித்தது. பச்சை விழுந்து வளைவில் திரும்பும்போது கார் தேவைக்கு மேல் அகலமாகப் போய், ஒரு சைக்கிள்காரரை ஓரத்துச் சுவரோடு ஒட்டியது. அதிகாரி ஹாரனை அழுத்தினார். ஜிகினா அந்த ஒயரை மறந்திருந்தான், சத்தம் வரவில்லை.

“பெருசு! ரோடு என்ன உங்க வீட்டு ஹாலா?” என்று சைக்கிள்காரர் கத்தினார்.

மனைவி சன்னலில் தலையை நீட்டினாள். “கோவிச்சுக்காதீங்க தம்பி. ஸ்டியரிங் புதுசு.”

வாசலில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி காரை நிறுத்தி இறங்கி, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, தொழிற்சாலையில் நிற்கிற மாதிரி நின்றார்.

“ரிப்போர்ட் சொல்லுங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை இறங்கி வந்து அவர் முன்னால் நின்றார். “நடுங்குச்சு மாமா.”

மகள் மூச்சு விட்டாள். அத்தனை நேரம் அதைப் பிடித்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி கோபப்படவில்லை. காரைச் சுற்றி வந்து, முன் சக்கரங்களைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

“சக்கரம் நேரா இருக்கா?”

“இருக்கு.”

“ஸ்டியரிங்?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிவப்புத் தையல் உச்சியில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சரியாக ஒரு பல் அளவுக்கு, வலிப்பு வந்த வாய் போல ஒரு பக்கமாகக் கோணி நின்றது.

“சாய்ஞ்சிருக்கு,” என்றார் மாப்பிள்ளை. வேறு என்ன சொல்வது? சாய்ந்துதான் இருந்தது.

“சாய்ஞ்சு மாட்டின சாம்பிளை வச்சுப் பண்ணின சோதனை செல்லாது. அதுவும் எங்க விதிதான்.” அதிகாரி தொண்டையைச் செருமினார். “சரியா மாட்டினாத்தானே மாத்தினதா அர்த்தம்?”

நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதுதான் கொடுமை. கோளாறு என்று அவர் சொன்ன பொருட்களிலேயே உண்மையில் கோளாறாக இருந்தது இது ஒன்றுதான்.

நகலெடுக்கும் இயந்திரக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “மாமா, கடையில ஸ்டியரிங்கைக் கழட்டி மடியில வச்சிருந்தீங்களே. அப்ப அது எதோடயும் சேரலை. அப்பவும் நடுங்குச்சு. நானும் பாத்தேன், அத்தையும் பாத்தாங்க. ஸ்டியரிங் இல்ல மாமா. கை. உங்க கை.”

தெருவில் யாரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த வீட்டு வாசலில் முதல்முறையாக ஒரு மனிதனின் உறுப்பு பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது.

அவர் கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் உம்மென்று இருந்திருந்தாலும் பரவாயில்லை, பழகியதுதான். அவர் இரண்டும் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறத்தியாருக்கு ‘ரிஜெக்ட்’ சொன்னவருக்கு, அதை வாங்கிக்கொள்வதற்கென்று ஒரு முகம் இருக்கவில்லை. இருந்த முகங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தது போல முகம் தவித்தது. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் எந்த முகமும் இல்லாமல், பின்னால் கட்டியிருந்த கையும் தானாக அவிழ்ந்து தொங்க, மனைவியைப் பார்த்தார்.

மனைவி அந்தப் பார்வையில் ஒரு நொடிதான் நின்றாள்.

“மாப்பிள்ளைக்கு முன் சீட்டுல உக்காந்து பழக்கமில்லை. அவருக்குத் தலை சுத்தியிருக்கும்,” என்றாள்.

“அம்மா!”

“என்னடி அம்மா? சாய்ஞ்சுதானே இருக்கு? எனக்கென்ன கண்ணா இல்லை? நாளைக்கே அந்த ஜிகினாகிட்ட கொண்டுபோய்த் திருப்பி மாட்டச் சொல்லணும். வேலை தெரியாத பய.” பிறகு கணவர் பக்கம் திரும்பி, “நீங்க உள்ள வாங்க. டீ போடறேன்,” என்றாள்.

அதிகாரி உள்ளே போனார். படி ஏறும்போது கால் லேசாக இழுத்தது. படியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

சமையலறையில் மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “நீதானே அழுத? ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்னு நீதானே சொன்ன? வாய் வரைக்கும் வந்ததைத் தட்டி விட்டுட்டியே!”

அம்மா காதில்லாத கிண்ணத்தில் டீயைப் பாதியளவு மட்டும் ஊற்றினாள். முழுக்க ஊற்றுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது.

“அந்த முகத்தைப் பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

“நீ பாத்துட்டு உன் வீட்டுக்குப் போயிடுவ. மாப்பிள்ளை வேலைக்குப் போயிடுவாரு. அந்த முகத்தோட ஒரே வீட்டுல நான் இருக்கணும்.”

“அதுக்காக இப்படியே விட்டுடறதா?”

அம்மா அடுப்பை அணைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். “சூடு அதிகம், ரெண்டு கையாலயும் பிடிங்க. கிண்ணம் ஆடும்,” என்று அவள் சொல்வது கேட்டது. கிண்ணத்தில் அப்படியொன்றும் சூடு இல்லை.

மறுநாள் ஜிகினா வெட்கப்பட்டு, புள்ளியைத் துடைத்து, ஒரு பல் நகர்த்தி நேராக மாட்டிக் கொடுத்தான். ஹாரன் ஒயரையும் இணைத்தான். இம்முறை சோதனைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை. அதிகாரியே ஓட்டிப் பார்த்து, அதிகாரியே ரிப்போர்ட் கொடுத்தார்: பாஸ். டாக்டரிடம் வாங்கிய நேரத்தில் வேறு யாரோ போய் உட்கார்ந்தார்கள். மகள் மறுபடியும் நேரம் வாங்கினாள், அதுவும் போயிற்று. மூன்றாவது முறை தொலைபேசியை எடுத்த பெண், “நிச்சயமா வருவாங்களா?” என்று கேட்டாள். மகள் பேரைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

அதன் பிறகு குடும்பத்தில் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேச்சில்லை. எல்லாரும் நலம்.

சில மாதம் கழித்து, மாப்பிள்ளை ஒரு அலுவலகத்தில் மெஷினைச் சரிசெய்துவிட்டுக் கருவிப் பையோடு நாற்சந்தியில் சாலையைக் கடக்க நின்றார். எதிரே மாமனாரின் கார் வந்தது. நடந்து போகிறவர்கள் தாண்டிப் போகிற வேகத்தில்தான் வந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தன.

காருக்குள் அதிகாரி முதுகு வளையாமல், கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் போல உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். அந்த இரண்டு கைக்கு நடுவில், சிவப்புத் தையலின் மேல், இன்னொரு கை இருந்தது. பக்கத்துச் சீட்டிலிருந்து மனைவி எக்கி, அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாளில் சைக்கிள்கூட விட்டதில்லை. சாலையை அவள் பார்த்த பார்வையில் ஒரு பள்ளிப் பிள்ளையின் கவனம் இருந்தது. அவர் உதடு அசைந்தது. வலது, இடது என்று சொல்லிக்கொடுக்கிறார் போலிருந்தது. அல்லது, தடிமன் அதிகம், ரெண்டு பேர் பிடிச்சாத்தான் நிக்கும் என்று ஸ்டியரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

மாப்பிள்ளை கையை உயர்த்தி ஆட்டினார். அவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் திருப்பி ஆட்டுவதற்கு அங்கே ஓய்வாக ஒரு கை கிடையாது.

கார் வளைவுக்கு வந்தது. அவள் ஒரு பக்கம் இழுத்தாள், அவர் ஒரு பக்கம் இழுத்தார். கார் இரண்டும் இல்லாமல் நடுவில் கொஞ்சம் யோசித்து, ஓரக் கல்லை உரசிக்கொண்டு திரும்பியது. மாப்பிள்ளைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. எதை நோக்கி ஓடுவது, போய் எதைப் பிடிப்பது என்று தெரியாததால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.